ஓ.ஆர்.எஸ். என்று எழுதியிருந்த பானம்

அக்டோபர் 6, 2025, திங்கள்
செவ்வாய்ப்பேட்டை முழுக்கத் தீபாவளிக் கூட்டம். எங்கள் மருந்துக்கடையில் நிற்க இடமில்லை. கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் மலர்விழி வந்தாள். இரண்டு வயது மகள் பிரீத்திக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்காம், ஓ.ஆர்.எஸ். கேட்டாள். தண்ணீரில் கரைக்கும் பொடி கீழே தீர்ந்துவிட்டது. புதுப் பெட்டி பரண்மேல். கைக்கெட்டிய ஆரஞ்சுப் பான டப்பாவில் நான்கு கொடுத்தேன். அட்டையில் அதே மூன்று எழுத்து, பெரிதாக.
"இதும் அதுதானுங்களாக்கா?"
"அதேதான்."

அக்டோபர் 8
பிரீத்தியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். போக்கு நிற்கவில்லை, கண் உள்ளே போய்விட்டதாம். மலர்விழி நான்கு டப்பாவும் கொடுத்திருக்கிறாள்.
அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில்: வயிற்றுப்போக்குக்கு அல்ல. இன்றைக்குத்தான் பார்க்கிறேனா? இல்லை. மருந்தியல் படித்தவள் நான். சர்க்கரை கூடினால் போக்கு கூடும் என்று எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 9
ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தையின் ஊசி குத்திய கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் மலர்விழி. "இது மருந்தே இல்லைன்னுட்டாருங்க டாக்டரு. பேரப் பாத்து நீங்களும் ஏமாந்துட்டீங்களாக்கா?"
ஆமென்று தலையாட்டினேன். யா அல்லாஹ் — ஆட்டிட்டேனே!

அக்டோபர் 11
குழந்தை கஞ்சி குடித்ததாம்.

அக்டோபர் 16
உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவு. முறையான மருத்துவக் கரைசல் அல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் ஓ.ஆர்.எஸ். இருக்கக்கூடாது, முன்னும் பின்னும் வேறு சொல் ஒட்டினாலும் கூடாது. ஓர் எச்சரிக்கை வரி போட்டால் போதும் என்று முன்பு விட்டிருந்ததும் இதே ஆணையம்தான்.
என் வீட்டுக்காரர் அக்மல் போனை நீட்டினார். "பாத்தியா ஷாஹிஸ்தா, தப்பு பேர்லதான். உன்மேல இல்ல. விடு."
விட முடியுமா?

அக்டோபர் 18
சரக்கு போடும் குணசீலன் வந்தார். "கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போயிருக்காங்கக்கா. இருக்கறத வித்துடுங்க, எல்லாரும் விக்கறாங்க."
"ஒரு வாரம் பாப்போமே," என்றார் அக்மல்.
அலமாரியிலிருந்து அந்தப் பான டப்பாக்கள் எல்லாவற்றையும் எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். "எடுத்துட்டுப் போங்க."
அக்மல் அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 25
பட்டறை வாசலில் மலர்விழியை நிறுத்திச் சொல்லிவிட்டேன். "நான் ஏமாறல மலரு. அது சர்க்கரைத் தண்ணின்னு எனக்குத் தெரியும். பரண் ஏறச் சோம்பல்பட்டுக் குடுத்துட்டேன்."
அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.
"எம்புள்ள செத்திருந்தா, அப்பவும் இப்படித்தான் தலைய ஆட்டிருப்பீங்களா?"
பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 3
மலர்விழி எங்கள் கடையைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போனாள். இடுப்பில் பிரீத்தி. என்னைப் பார்த்துக் கையாட்டியது குழந்தை. பதிலுக்கு என் கை எழவில்லை.

நவம்பர் 21
அந்தப் பானங்களை எல்லாக் கடைகளிலிருந்தும் உடனே எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். எதிர்க் கடையிலும் காலி செய்துகொண்டிருந்தார்கள்.
மலர்விழி இன்னும் வரவில்லை. ஆனால் சாயங்காலம் அவள் பட்டறைப் பெண்கள் இருவர் வந்தார்கள். எங்கோ வாங்கிய சத்துமாவு டப்பாவை மேசையில் வைத்து, "இத ஒரு வயசுப் புள்ளைக்குக் குடுக்கலாமுங்களாக்கா?" என்றாள் ஒருத்தி.
வாங்கின கடையிலேயே கேட்டிருக்கலாமே என்றேன்.
"மலருதாங்க அனுப்புச்சு. அந்தக்காகிட்டக் கேளுங்க, இனிமே அது பொய் சொல்லாதுன்னு சொல்லுச்சு."