கருமுள் வேலிக்குள் ஒரு பிற்பகல்

அன்பு மகள் லினெட்டுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், கோழிகள், கூரை எல்லாம் இன்றுவரை நின்ற இடத்தில் நிற்கிறோம், அங்கே நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, இது மேவிஸின் கையெழுத்து. ஆமாம், அதே மேவிஸ்தான், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிறாளே, ஊர்க் கண்காட்சியில் என் ஜெல்லி கலங்கல் என்று நடுவரிடமே போய்ச் சொன்னவள். என் வலது கை கட்டுப்போட்டுக் கிடக்கிறது, நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். இப்போதுகூடப் பேனாவை நிறுத்திவிட்டு, "கலங்கலாத்தான் இருந்துச்சு ஹில்டா, நீ துணியப் பிழிஞ்சிருக்கே" என்கிறாள். என் வாழ்நாளில் நான் ஜெல்லித் துணியைப் பிழிந்ததில்லை, தானாகச் சொட்டட்டும் என்று ராத்திரி முழுக்கத் தொங்கவிடுகிறவள் நான். அதையும் எழுது மேவிஸ்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டை விற்பதற்கான காகிதத்தை உன் அண்ணன் கிளைவ் உனக்கு அனுப்பியிருக்கிறான். உன் அப்பா போனபோது வக்கீல் பேச்சைக் கேட்டு வீட்டை உங்கள் இரண்டு பேர் பேருக்கும் எழுதிவைத்தேன் அல்லவா, அதனால் கிளைவ் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் உன்னுடையதும் வேண்டும், என்னுடையது வேண்டாம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை உன்னையும் இதை எழுதுகிற மேவிஸையும் தவிர யாரிடமும் வாய் திறந்து சொல்ல முடியாதபடி மாட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இத்தனை அவசரமாக இந்தக் கடிதம்.

இந்த வருடம் பிளாக்பெர்ரி சுமார்தான், மழை முந்திக்கொண்டு வந்ததில் பாதி பூஞ்சை பிடித்துவிட்டது. மீதியை செப்டம்பர் கடைசியில் வருகிற மைக்கேல் திருநாளுக்குள் பறித்துவிட்டேன், அதற்குப் பிறகு சாத்தான் அதன்மேல் துப்பிவிடுவான் என்று உன் அண்ணி பெவர்லியிடம் சொன்னேன், அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எல்டர்பெர்ரிப் பாகு காய்ச்சி சீசாவில் அடைத்தாயிற்று, குளிர் வந்தால் கிளைவுக்கு இருமல் பிடித்துக்கொள்ளுமே. கருமுள்ளில் காய்க்கிற ஸ்லோ பழம் இன்னும் வேலியிலேயே இருக்கிறது, ஒரு உறைபனி விழட்டும், அப்புறம்தான் ஜின்னில் போடுவேன். மேவிஸ் மாதிரி ஃப்ரீசருக்குள் வைத்து ஊரை ஏமாற்றுகிற ஆள் நான் இல்லை. (எழுதுகிறாள், ஆனால் முகம் சிவந்துவிட்டது.) பாக்கி இருந்தது டாம்சன்தான், ஜாமுக்கென்றே பிறந்த அந்தப் புளிப்புப் பிளம். நம் டாம்சன் மரம் எங்கே இருக்கிறதென்று உனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, கிளைவுக்கு நான் காட்டியதே இல்லை, சின்ன வயதிலிருந்தே அவன் வாயில் ஒன்றும் தங்காது.

போன சனிக்கிழமை மத்தியானம் கூடையையும் உன் அப்பாவின் வளைந்த தடியையும் எடுத்துக்கொண்டு பள்ளச்சாலைக்குப் போனேன். பண்ணைக் கேட்டுக்கு எதிரே கருமுள் வேலி இரண்டு வரிசையாக நிற்குமே, நடுவில் இடிந்துபோன வீட்டின் தோட்டத்தில் மிஞ்சிய மரம். ராத்திரியில் வளை தோண்டித் திரிகிற அந்தப் பேட்ஜர் பிராணி போய்வருகிற சந்து வழியாகத் தவழ்ந்து உள்ளே போனேன். போன வருடம் சுலபமாக நுழைந்தேன், இந்த வருடம் சந்து சுருங்கிவிட்டதா நான் பெருத்துவிட்டேனா தெரியவில்லை. உள்ளே போனால், அடியம்மா, மரம் முழுக்கக் கறுத்துத் தொங்குகிறது! கிளையைத் தடியால் இழுத்துப் பறித்துக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தேன், கால் முழங்கால்வரை பேட்ஜர் வளைக்குள் போய்விட்டது. விழாமல் இருக்கக் கையை நீட்டினேன், பிடிபட்டது கருமுள் கிளை. ஒரு முள் விரல் மூட்டுக்குள் இறங்கி உள்ளேயே ஒடிந்துவிட்டது. முதுகுப்பக்கம் கோட்டை முட்கொடி பிடித்துக்கொண்டது. காலை இழுத்தால் கோட்டு இறுகுகிறது, கோட்டை விடுவிக்கக் கை தூக்கினால் மூட்டு உயிர் போகிறது. அப்படியே பாதி உட்கார்ந்து பாதி தொங்கிக்கொண்டு கிடந்தேன்.

அப்போதே சத்தம் போட்டிருக்கலாமே என்று கேட்பாய். மேவிஸ்தான் முதலில் அந்த வழியாக வந்தாள், நாயோடு. நாய் வேலியைப் பார்த்து ஓயாமல் குரைத்தது, அவள் "வாடா சனியனே, அங்க என்ன இருக்கு" என்று இழுத்துக்கொண்டு போனாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த மரத்தை மேவிஸுக்குக் காட்டிக்கொடுப்பதைவிட அங்கேயே கிடக்கலாம் என்று தோன்றியது, உன் அம்மாவை உனக்குத் தெரியாதா. அடுத்து யாராவது வருவார்கள், பண்ணைக்காரன் வருவான், அவனுக்கு டாம்சனும் தெரியாது ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

வந்தது கிளைவும் பெவர்லியும். வீட்டில் என்னைக் காணாமல் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள், கேட்டுமேல் சாய்ந்து நின்றார்கள், கை நீட்டினால் எட்டுகிற தூரம். கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் பெவர்லி, "இப்படியே எத்தன நாளு தள்ளுவே, அவங்க கிட்ட சொல்லித்தானே ஆகணும்" என்றாள். கிளைவ், "லினெட் கையெழுத்து வரட்டும், அப்புறம் சொல்றேன். இப்பச் சொன்னா ஒரேயடியா மாட்டேன்னுடும் அம்மா" என்றான். "லினெட் போட்டுருவாளா?" என்று கேட்டாள் அவள். "போட்டுருவா. போன்ல கேட்டேன், நான் இம்மாந்தூரத்துல இருக்கேன் கிளைவ், உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யின்னுட்டா." நான் வாயை மூடிக்கொண்டேன் லினெட். முள் குத்தியது அப்போது வலிக்கவில்லை.

பிறகு எல்லாம் கேட்டேன். லண்டன்காரத் தம்பதி கிறிஸ்துமஸுக்குள் குடிவர வேண்டுமாம். எனக்கு டவுனில் வயதானவர்களுக்கான கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு அறை பார்த்துவைத்திருக்கிறார்களாம். ஜன்னல் ஒரு சாண் அகலத்துக்குமேல் திறக்காதாம், யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று. "அடுப்புகூடக் கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிருமாம், பயமே இல்ல" என்று பெவர்லி சந்தோஷமாகச் சொல்கிறாள். டாம்சனைக் கத்தி நிற்கிற பதம் வருகிறவரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த அடுப்பில் ஒரு கரண்டி ஜாம்கூட இறங்காது. கிளைவ் சொன்னான், "போன குளிர்ல பாகுச் சட்டிய அடுப்புல வெச்சிட்டுத் தூங்கிருச்சு. எங்கயாவது விழுந்து கெடந்தா யாரு பாப்பா? எனக்குத் தூக்கமே வர்றதில்ல பெவ்." நான் வேலிக்குள் விழுந்துதான் கிடந்தேன். அந்த நேரத்தில் "கிளைவ்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவன் சொன்னதற்கு நானே சாட்சியாகிவிட மாட்டேனா? அவர்கள் போய்விட்டார்கள். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, தூறல் ஆரம்பித்தது, வளைக்குள் இருந்த கால் மரத்துப்போனது. மறைப்பானேன், பயந்துவிட்டேன். யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டேன், மேவிஸ்தான் திரும்பி வந்தாள். நாய் அப்படிக் குரைத்தது வீட்டுக்குப் போன பிறகும் உறுத்தியதாம், கையில் அரிவாளோடு வந்தாள், எந்தச் சந்து என்று தேடவில்லை, நேராக வந்தாள். முட்கொடியை வெட்டிக்கொண்டே, "இந்த மரம் எனக்கு வருசக்கணக்கா தெரியும் ஹில்டா, அந்தப் பக்கத்துக் கிளையில மட்டும்தான் பறிப்பேன், நீ அங்க ஏற மாட்டேன்னு தெரியும்" என்றாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. தோளில் தாங்கி வீடுவரை கொண்டுவந்து விட்டாள், கூடையையும் விடவில்லை. பழத்தில் பாதி அவளுக்கு, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு, கிளைவ் குடும்பத்தோடு சாப்பிட வந்தான். கை பூசணி மாதிரி வீங்கியிருந்தது, ஏப்ரன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். உருளைக்கிழங்கை முதல்நாள் ராத்திரியே மேவிஸ் வந்து உரித்துக்கொடுத்திருந்தாள். பெவர்லி, "கையில என்ன?" என்று கேட்டாள், "குளிருது, வேறென்ன" என்றேன். கிளைவ் நேற்று எங்கே போயிருந்தாய் என்று கேட்டான், மேவிஸ் வீட்டுக்கு என்றேன், அவன் நம்பவில்லை, யார்தான் நம்புவார்கள். எனக்கு அவனை ஒரு கேள்வி கேட்க வேண்டும், நாக்கு நுனியில் நிற்கிறது. கேட்டால் எப்படித் தெரியும் என்பான், வேலிக்குள் கிடந்து கேட்டேன் என்று சொன்னால் அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அவனும் ஏதோ சொல்ல வருகிறான், வாயைத் திறக்கிறான், பழத்தின்மேல் மாவு தூவிச் சுட்ட கிரம்பிளை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். மூன்று முறை போட்டுக்கொண்டான், இந்தத் தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கிற பிள்ளை இல்லை அவன். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், இரண்டு பேரும் நகர முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், நிறையவே இருக்கிறது. ஆனால் தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறான், எனக்குத் தெரியாதென்று நினைக்கிறான். அவன் சொன்னதில் பாதி சரி. நாயோடு வீட்டுக்குப் போன மேவிஸ் அன்றைக்குத் திரும்பி வராமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று படுத்தால் நினைப்பு வருகிறது. ஆனாலும் திறக்காத ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கீழே போகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டு, மற்றவர்கள் வைத்த அடுப்பில் மற்றவர்கள் சொன்ன நேரத்துக்குள் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டு இருப்பதற்கும், வேலிக்குள் கிடந்ததற்கும் என்ன வித்தியாசம்? வேலிக்குள்ளாவது பழம் இருந்தது.

ஆகவே நான் சொல்வது இதுதான். கையெழுத்துப் போடாதே என்று நான் கெஞ்சப்போவதில்லை. போடுவதானால் அந்தக் காகிதத்தைத் தபாலில் அனுப்பாதே, எடுத்துக்கொண்டு இங்கே வா. வந்து இந்தச் சமையலறையில் என் எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு போடு. அப்படிப் போட்டால் நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். இம்மாந்தூரத்தில் இருக்கிறேன் என்று அவனிடம் சொன்னாயே, தூரம் எனக்கும் தெரியும், உன்னை ஏற்றி அனுப்பிவிட்டு நின்றவள் நான்தான்.

பிள்ளைகளுக்குக் குளிர் நேரத்தில் காட்டுரோஜாக் காய்ப் பாகு கொடு, அங்கே கிடைக்காவிட்டால் எழுது, அனுப்புகிறேன். மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டு, நல்லபடியாகத் தூங்கி எழுந்து நூறாண்டு இருக்க வேண்டும். கிளைவ் போன் செய்தால் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சுவிடாதே, இதை மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா ஹில்டா
(இடது கையால் போட்டது)

லினெட், இது மேவிஸ். உன் அம்மா தேநீர் வைக்க உள்ளே போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் எழுதுகிறேன். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் விரல் மூட்டைத் திறந்து முள்ளை எடுக்கப்போகிறார்கள், நான் கூடப் போகிறேன், கிளைவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். இன்னொன்று. யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டதாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். அது உண்மை இல்லை. நான் பள்ளச்சாலையில் திரும்பும்போதே குரல் கேட்டது, எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அவள் கூப்பிட்டது கிளைவை இல்லை, என்னை இல்லை, வழியில் போகிற யாரையோ இல்லை. உன் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.