மீனுக்கு எண்பது, சர்க்கரைக்கு நானூறு

சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை
24 ஏப்ரல் 1960

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் அகஸ்டினா தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அம்மா இளைத்துக்கொண்டே போகிறாள். கன்னியர் மடத்தில் துணிக்குப் பூவேலை தைக்கப் போய் வந்தால் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். விளக்கேற்ற நான்தான் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

தபசு காலம் முடிந்து பாஸ்குத் திருநாளும் வந்து போய்விட்டது. எல்லார் வீட்டிலும் கறிக்குழம்பு. அம்மா எனக்கு மட்டும் வைத்துவிட்டுத் தான் கஞ்சி குடித்தாள். மறுநாள் வைத்திக்குப்பத்து மீன்காரக் கன்னியம்மாள் கூடையை வாசலில் இறக்கிக்கொண்டு, "ரோசாக்கா, நாப்பது நாளு கணக்கு முடிஞ்சிபோச்சில்ல? இன்னும் மீனுகிட்ட என்னா கோவம் ஒனக்கு?" என்று கேட்டாள். அம்மா சிரித்து மழுப்பினாள். நான் விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"அப்பா நம்ம வாசப்படி மிதிக்கிற வரைக்கும் மீனு, கறி, முட்ட, பாலு எதுவும் தொடமாட்டேன்னு வில்லியனூர் மாதாகிட்ட நேர்ந்துகிட்டேன். தபசு தொடங்குன சாம்பல் புதன்லேருந்து."

நீங்கள் சண்டை நடக்கும் தேசத்தில் இருப்பதால் அம்மாவுக்குப் பயம். பருப்பு சாப்பிடலாமே என்றால், வயிற்றில் நிற்கவில்லை என்கிறாள்.

உங்கள் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சமையல்கூடச் சுவரில் எந்த உணவில் எத்தனை கலோரி என்று ஒரு தாள் ஒட்டியிருப்பதாக முன்பு எழுதினீர்கள். அதைப் பார்த்து எழுதி அனுப்புங்கள். நேர்ச்சையும் கெடாமல் அம்மாவும் இளைக்காமல் இருக்க நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். கணக்கில் போன பரீட்சையில் நான்தான் முதல்.

உங்கள் அன்பு மகள்,
அகஸ்டினா


ஒரான், அல்ஜீரியா
10 மே 1960

அன்பு மகள் தினாவுக்கு,

அப்பா ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. அம்மாவின் நேர்ச்சையைப் படித்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் சைகோனில் இருந்தபோது மெழுகுவர்த்தி நேர்ச்சையோடு முடித்துக்கொண்டாளே, இந்தத் தடவை ஏன் இவ்வளவு கடுமை? போகட்டும். கிறிஸ்மசுக்கு நான் வந்துவிடுவேன் என்று சொல். அதுவரை அவள் உடம்பை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீ கேட்ட கணக்கு இதோ, எல்லாம் நூறு கிராமுக்கு: அரிசி முந்நூற்றைம்பது, சவ்வரிசியும் அதே. சர்க்கரை நானூறு. பருப்பு முந்நூற்று நாற்பது. மீன் எண்பது. பால் அறுபத்தைந்து. முட்டை மட்டும் ஒன்றுக்கு எழுபத்தைந்து.

எங்கள் சமையல்கூடத்துக்கு மேலாளான கப்ரால் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், தடித்த ஆள். அவன் சொல்வான்: வயிறு ஒரு அடுப்பு, அதற்கு எந்த விறகானால் என்ன, எரிந்தால் சரி. ஒரு பண்டம் தீர்ந்துபோனால் அதே கலோரிக்கு இன்னொன்றைப் போட்டுவிடுவோம். யாரும் செத்துப்போகவில்லை. வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் வேண்டுமாம்.

இங்கே வெயில் நம் ஊர் மாதிரிதான். நானூறு பேருக்குச் சமைத்துவிட்டு எனக்கே பசி இருப்பதில்லை. மனதுக்குச் சலிப்பு. நீ நன்றாகப் படி.

அப்பா,
சூசை


முத்தியால்பேட்டை
5 ஜூன் 1960

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். உங்கள் தாளை நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டேன். அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று ஆச்சரியமாக இருந்தது. நாம் இத்தனை நாள் மீனைப் பெரிய ஆகாரம் என்று நினைத்திருந்தோம். மீனுக்கு எண்பதுதான், சர்க்கரைக்கு நானூறு. ஐந்து துண்டு மீன் செய்வதை ஒரு துண்டு எடைச் சர்க்கரை செய்துவிடுகிறது. பால் அதைவிட மோசம். ஆகையால் அம்மாவின் நேர்ச்சையால் ஒரு நஷ்டமும் இல்லை என்று முடிவு செய்தேன்.

பருப்பும் சவ்வரிசியும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பருப்பை நிறுத்திவிட்டேன். காலையில் சர்க்கரை போட்ட சவ்வரிசிக் கஞ்சி. மத்தியானம் சோறும் ரசமும். மாலையில் வெல்லத்தோடு பொரி, ராத்திரி மறுபடி கஞ்சி. கடைக்காரரிடம் கெஞ்சி அவர் தராசில் எல்லாவற்றையும் எடை போட்டுவந்தேன். இரண்டாயிரத்து நாற்பது வருகிறது. அம்மா மறுக்காமல் குடிக்கிறாள். "பருப்ப விட இதான்டி சொகமா எறங்குது" என்றாள்.

கன்னியம்மாளிடம் கணக்கைச் சொன்னேன். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "அப்ப எங்க குப்பத்து ஆம்பளைங்க கடலுக்குப் போவாம கரும்புத் தோட்டத்துக்குப் போவணும்ங்குற" என்றாள். அவளுக்குப் படிப்பு இல்லை.

உங்கள் அன்பு மகள்,
அகஸ்டினா


முத்தியால்பேட்டை
20 ஜூலை 1960

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். இந்தத் தடவை நல்ல செய்தி. அம்மா தேறிவிட்டாள். கன்னம் நிறைந்திருக்கிறது. கை, கால் எல்லாம் பூரித்திருக்கின்றன. கோயிலில் பார்க்கிறவர்கள், "ரோசாவுக்குப் புருசன் வரப்போற களை வந்துடிச்சி" என்று கேலி செய்கிறார்கள். மெட்டி இறுகிவிட்டது என்று சோப்புப் போட்டுக் கழற்றி வைத்துவிட்டாள். என் நோட்டை வகுப்பில் பாடம் எடுக்கும் கன்னியாஸ்திரீ மசேரிடம் காட்டலாம் என்றிருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. சதை வைத்திருக்கிறதே, பலம் மட்டும் ஏன் வரவில்லை? தண்ணீர்க் குடத்தை இரண்டு இடத்தில் இறக்கி வைத்துத்தான் கொண்டுவருகிறாள். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறாள். நேற்று மடத்திலிருந்து வரும்போது வழியில் மூன்று வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தாளாம். வெயில் என்கிறாள். சாயங்காலம் ஆனால் கால் செருப்புக்குள் போவதில்லை.

கன்னியம்மாள் நேற்று கூடையை இறக்கவே இல்லை. நின்றபடியே அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம், "இது சதையில்ல பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கலோரியைக் கூட்ட வேண்டுமா? உடனே எழுதுங்கள்.

அகஸ்டினா


ஒரான்
3 ஆகஸ்ட் 1960

அன்பு மகளே,

இதைப் படித்த உடனே செய். அம்மாவின் முழங்காலுக்குக் கீழே முன்எலும்பின் மேல் உன் கட்டைவிரலை வைத்து அழுத்து. விரலை எடுத்த பிறகு அங்கே குழி நிற்கிறதா பார். நின்றால், அது நிரம்புவதற்குள் எத்தனை எண்ணுகிறாய் என்று பார்த்து எழுது. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சைகோனில் ஜப்பான்காரன் எங்களை அடைத்து வைத்திருந்தபோது தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு வயிறு நிறையப் போட்டான். சோற்றைத் தவிர வேறு ஒன்றுமில்லை. ஒரு மாதத்தில் சிலர் கொழுத்த மாதிரி ஆனார்கள். நாங்களும் கேலி செய்தோம். அப்புறம் அவர்களால் படி ஏற முடியவில்லை. என் பக்கத்துப் படுக்கைக்காரன் காரைக்கால் பையன். வயிறு நிறைந்தபடியேதான் செத்தான். இதையெல்லாம் கண்ணால் பார்த்த நான்தான் யாரும் செத்துப்போகவில்லை என்று உனக்கு எழுதினேன். அடுப்பு, விறகு என்று கப்ரால் சொன்னதையும் எழுதினேன். சுவரில் ஒட்டிய தாளை நம்புவது சுலபமாக இருந்தது.

உன் மேல் தப்பில்லை, தினா.

அப்பா


முத்தியால்பேட்டை
16 ஆகஸ்ட் 1960

அன்புள்ள அப்பாவுக்கு,

குழி நிற்கிறது. இருபத்திரண்டு எண்ணினேன். அம்மா குனிந்து பார்த்து, மாவில் விரல் வைத்த மாதிரி இருக்கிறதே என்று சிரித்தாள்.

நேற்று மாதா திருநாளுக்குப் போகவில்லை. இன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் நோட்டை டாக்டரிடம் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. கூட்டல் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அடுப்பில் போட்டு எரித்தால் ஒரு கலோரியும் இன்னொரு கலோரியும் ஒன்றுதான். ஆனால் உடம்பு எரிக்க மட்டும் சாப்பிடுவதில்லையாம். தேய்ந்ததைக் கட்டவும், இரத்தத்தை இரத்தமாக வைத்திருக்கவும் மீன், முட்டை, பால், பயறு இவற்றிலுள்ள சத்து வேண்டுமாம். அது சர்க்கரையில் எத்தனை படி போட்டாலும் இல்லை. மருந்து கொடுத்தார். இப்படியே போனால் நீர் நெஞ்சுக்கு ஏறும், பிறகு தன்னால் ஆகாது என்றார்.

அம்மா மருந்தைக் குடிக்கிறாள். பயற்றுக் கஞ்சி இரண்டு வாய் குடித்து வாந்தி எடுத்துவிட்டாள். மீனுக்கும் பாலுக்கும் மட்டும் தலையை ஆட்டுகிறாள். பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வீட்டுக்கே வந்து, நேர்ச்சையை வேறு புண்ணியமாக மாற்றித் தரத் தமக்கு அதிகாரம் இருக்கிறது என்றார். அவர் போன பிறகு அம்மா என்னிடம் சொன்னாள்: "சாமியாரு நல்லவரு. ஆனா நான் வாக்கு குடுத்தது அவருக்கில்லையே. பாதியில உட்டுட்டு, நாளைக்கு அங்க அப்பாவுக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

அப்பா, அவளை நிறுத்த உங்களால்தான் முடியும். கிறிஸ்மஸ் வரை அவள் தாங்க மாட்டாள். லீவு கேட்டு வாருங்கள். வந்து வாசற்படியை ஒரு தடவை மிதித்துவிட்டுத் திரும்பிப் போனாலும் போதும்.

அகஸ்டினா


ஒரான்
1 செப்டம்பர் 1960

அன்பு மகளே,

இந்த உறைக்குள் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். நீலத் தாள் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட. இந்த வெள்ளைத் தாள் உனக்கு.

நீலத் தாளில், லீவு கிடைத்துவிட்டது, மார்செய் போய்க் கப்பல் ஏறப்போகிறேன், இனி நேர்ச்சை போதும், சாப்பிடு என்று எழுதியிருக்கிறேன். அது உண்மையில்லை. கிறிஸ்மசுக்கும் நான் வரவில்லை. மார்ச் மாதம் பதினோராம் தேதி இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இடையில் லீவு இல்லை. அந்த மூன்று வருடத்தையும் முடித்தால்தான் பென்சன். காரணம் அதுதான் என்று அம்மாவிடம் சொல்லலாம். உன்னிடம் இன்னொன்றும் சொல்கிறேன். ஊருக்கு வந்தால் காலையில் எழுந்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இங்கே எல்லாவற்றையும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். பழகிவிட்டது. சலித்துப்போன மனிதனுக்கு அது ஒரு சுகம்.

அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அடுத்த கடிதத்தில் சொல்லலாம், அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்று தள்ளிப்போனது. இப்போதைக்கு நீலத் தாளை வாசி. அவள் எழுந்து நடக்கட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா


சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை
9 அக்டோபர் 1960

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

நீங்கள் சொன்னபடி நீலத் தாளைத்தான் முதலில் வாசித்தேன். அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் நான் ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சிக்கொண்டு போனேன். தள்ளிவிட்டாள். "கப்பலு ஏறுனா ஆச்சா? வாசப்படி ஏறட்டும். இவ்ளோ நாளு இருந்தவளுக்கு இன்னும் ஒரு மாசம் பெரிசா?" என்றாள். உங்கள் கப்பல் கரை சேர வேண்டும் என்று அன்றையிலிருந்து ஒருசந்தியும் பிடித்தாள். ஒரு நாளைக்கு ஒரு வேளைக் கஞ்சி. குழி முப்பத்தொன்றுக்குப் போனது. நான்காம் நாள் மடத்தில் ஊசி கையிலிருந்து விழுந்து, அதை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. மசேர்மார் ரிக்‌ஷாவில் படுக்கவைத்து அனுப்பினார்கள்.

அப்பா, நீங்கள் முதலில் அனுப்பிய தாளை நம்பித்தான் நான் சமைத்தேன். இன்னொரு தாளையும் நம்பச் சொல்லி அவளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று சாயங்காலம் வெள்ளைத் தாளை எடுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். நீங்கள் எனக்கு மட்டும் எழுதிய வரிகளையும் விடவில்லை. கூட்டலில் ஒரு வரியை விட்டால் தொகை தப்பாக வரும்.

அம்மா அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கையெழுத்து போட்டது சாம்பல் புதனுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சாம்பல் புதன் மார்ச் இரண்டு. நான் சொன்னேன். விரலை மடக்கி எண்ணினாள். "அப்ப நான் கஞ்சி குடிக்க ஆரம்பிச்சி ஒம்பது நாளு" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கன்னியம்மாள் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போனாள். நம் வீட்டு வாசலில் அவள் அப்போதெல்லாம் நின்றதில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், "கன்னி, என்னா இருக்கு?" என்று கேட்டாள். அவள் கேலி பேசுவாள் என்று நினைத்தேன். அவளோ கூடையை இறக்கிக் கிழங்கான் மீனாகப் பார்த்துப் பொறுக்கி, தானே செதில் சுரண்டிக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா என்னை அடுப்பிடம் விடவில்லை. உட்கார்ந்தபடியே குழம்பு வைத்தாள். முள்ளை எடுத்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு மெதுவாகச் சாப்பிட்டாள். மாதா கோபிக்க மாட்டாளா என்று எனக்குப் பயமாக இருந்தது. "மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. மீன், முட்டை, பயறு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றில் நிற்கின்றன. டாக்டர் மருந்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். உடம்பு வற்றி மறுபடி இளைத்த மாதிரி தெரிகிறாள், ஆனால் குடத்தை நிறுத்தாமல் கொண்டுவருகிறாள். நேற்று குழி நிரம்ப நான்குதான் எண்ணினேன். என் நோட்டில் இப்போது எடை எழுதுவதில்லை. அவள் என்ன சாப்பிட்டாள் என்று பெயர் மட்டும் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை உங்கள் அடுத்த கடிதம் வந்தது. வழக்கம்போல வாசிக்க உட்கார்ந்தேன். அம்மா பூவேலையிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ படிச்சிக்க, ஒனக்கு வந்தது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவள் சொல்வது மாதிரி சொன்னாள். மாதா படத்துக்குப் பின்னால் அவள் சேர்த்து வைத்திருந்த உங்கள் பழைய கடிதங்களையும், சைகோனிலிருந்து வந்தவை உட்பட, எடுத்துத் தூசி தட்டி என்னிடம் கொடுத்துவிட்டாள். அவற்றை என் பள்ளிக்கூடப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கழற்றிய மெட்டி இப்போது விரலுக்குச் சரியாகத்தான் இருக்கும். அவள் போட்டுக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் எனக்கு எழுதுங்கள். நான் தவறாமல் பதில் எழுதுவேன். அப்பாவுக்கு என்ன எழுதட்டும் என்று இன்று அம்மாவிடம் கேட்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

"நேர்ச்ச முடிஞ்சிடிச்சின்னு எழுது."

எழுதிவிட்டேன்.

உங்கள் மகள்,
அகஸ்டினா