போகும் நாளையும் எழுது

திலக் நகர், செம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் முத்துமாரிக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்காருவதற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள். உன் தம்பி ராஜா இப்போதுதான் கண் அசந்தான், அப்பாவும் கடை அலுப்பில் தூங்கிவிட்டார்கள், இந்த ஓர் அறை வீட்டில் எனக்கென்று ஒரு மூலை கிடைப்பது இந்த நேரத்தில்தான். இங்கே மூன்று பேர் உடம்புக்கும் ஒன்றும் குறைவில்லை, அங்கே ஜெர்மனியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். போனில் பேச வேண்டியதுதானே என்று கேட்பாய். போனில் உன் முகம் வந்ததும் ராஜா அதைப் பிடுங்கித் திரையில் உன் மூக்கைத் தொட்டுக்கொண்டு நிற்கிறான், பின்னாலிருந்து அப்பா ஜெர்மன்காரனை மாப்பிள்ளையாக்கிராதட்டீ என்று கேலி பண்ணுகிறார்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன், அது நான் ஆபீசில் எழுதும் ரிப்போர்ட் மாதிரியே வருகிறது. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று தெரியும். போட்டோ எடுத்து அனுப்புகிறேன், டூட்டியில் வைத்து வாசிக்காதே, அறைக்குப் போய் மெதுவாக வாசி.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தாராவிக் கடையில் வியாபாரம் பரவாயில்லை, தீபாவளிக்குப் பலகாரச் சாமான் நன்றாகப் போனது. நம் கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று மறுபடியும் பேச்சு, இந்தத் தடவையும் பேச்சோடு போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். ராஜாவுக்குப் பதினாலு முடிந்ததிலிருந்து உடம்பு ஒரேயடியாக வளர்ந்துவிட்டது, என் தலைக்கு மேலே நிற்கிறான். முன்பெல்லாம் கோபம் வந்தால் தன் கையைக் கடிப்பான், இப்போது பக்கத்தில் யார் கை கிடைத்தாலும் சரி. மழைக்காலத்தில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போய் ரயிலேறினவனை வடாலாவில் கண்டுபிடித்தோமே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் தூக்கமாக இல்லை. என் முழங்கையில் பல் பதிந்திருந்ததை நீ வீடியோவில் பார்த்துவிட்டாய். பார்த்துவிட்டுத்தான் அந்தப் பேச்சை எடுத்தாய். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் அம்மா, வந்தால் திரும்பிப் போகப் போவதில்லை, நர்சிங் படிப்பு இல்லாவிட்டால் என்ன, தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உண்மையைச் சொல்கிறேன் மாரி, அன்று ராத்திரி எத்தனையோ மாதம் கழித்து நான் அசந்து தூங்கினேன்.

மறுநாள் அப்பா கடைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்கள். எதிர்க்கடை அய்யாத்துரை மாமாவிடம் எம் மவ வாராளாம்ல, இனிமே போவ மாட்டாளாம் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அப்பா டீ வாங்கிக் கொடுப்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உனக்குத் தெரியும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ராஜாவிடமும் சொல்லிவிட்டார்கள். ராஜாவிடம் ஒன்றைச் சொல்வதென்றால் எப்படிச் சொல்ல வேண்டும் என்பது நம் வீட்டில் பழகின சங்கதிதானே, சுவரில் தொங்கும் நாள் அட்டையில் படத்தை ஒட்டிக் காட்டித்தான் சொல்ல வேண்டும். அட்டையில் ஒட்டினது அன்றைக்கு நடந்தாக வேண்டும், நடக்காததை ஒட்டக் கூடாது. அப்பா வாயால் சொல்லிவிட்டார்கள், எந்த நாள் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து உன் போட்டோ ஒட்டின அட்டையை அவனே எடுத்து நாளை என்ற கட்டத்தில் ஒட்டுகிறான். சாயந்திரமானால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், லிஃப்ட் சத்தம் கேட்டால் உன் செருப்பு வைக்கும் இடத்தைக் காலால் தள்ளிக் காலி பண்ணுகிறான். அவன் தூங்கினதும் நான் எடுத்துவிடுகிறேன். காலையில் வெறும் கட்டத்தைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான், மறுபடியும் எடுத்து ஒட்டுவான்.

இனி என் வேலையில் நடந்ததைச் சொல்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. நான் மாட்டுங்கா பள்ளியில் செய்வது என்ன என்று ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு விளக்கத் தெரியவில்லை என்று நீ ஒருதடவை சொன்னாய். சுலபம்தான். சாதாரண வகுப்பில் தனி உதவி தேவைப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் இல்லையா, ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வருஷம் என்னென்ன கற்றுக்கொடுப்பது, யார் கற்றுக்கொடுப்பது என்று வீட்டாரையும் டீச்சரையும் தெரபிஸ்டையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசித் திட்டம் போட்டு, அது நடக்கிறதா என்று வருஷம் முழுக்கப் பின்னாலேயே அலைவது. திட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இதை யார் செய்வது என்று ஒரு பெயர் எழுத வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் திட்டம் செல்லாது. போன வாரம் செல்லப்பாண்டி என்று ஒன்றாம் வகுப்புப் பையன், பேச்சு வரவில்லை, நம் தாராவிப் பிள்ளைதான். அவன் அம்மா இசக்கியம்மாள் விடிவதற்கு முன்னால் இட்லி அவித்து விற்கிறவள், நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் சொக்கிவிட்டது. கூடவே பையனின் அக்கா கீதா, ஏழாம் வகுப்பு, இதற்காக லீவு போட்டு வந்திருந்தாள். வீட்டில் பல் தேய்க்கப் பழக்க வேண்டும், யார் செய்வீர்கள் என்று கேட்டேன். அக்கா பாத்துக்கிடுவா டீச்சர் என்றாள் இசக்கியம்மாள். சட்டைப் பொத்தான் போட, படம் காட்டிப் பேச, ராத்திரி எழுப்பிப் பாத்ரூம் கூட்டிப் போக, எதைக் கேட்டாலும் கண்ணைத் திறக்காமல் அக்கா பாத்துக்கிடுவா, அவளுக்குத்தான் அவன் பாஷை தெரியும் என்றாள். பேச்சுப் பயிற்சி தரும் ஷ்யாமளா பூரித்துப்போய், எவ்வளவு சமத்து பாருங்கோ, ஏக்தம் சோட்டி மம்மி, குட்டி அம்மாவேதான் என்றார்கள். நான் டைப் அடித்துக்கொண்டே போனேன். கீதா, கீதா, கீதா. அப்போது அந்தப் பெண், கோபமெல்லாம் இல்லை, சும்மா விலை கேட்கிற மாதிரிக் கேட்டாள், டீச்சர், இம்புட்டும் நானே பாத்தா கபடிக்கு எப்பப் போறது, தம்பியவும் டீம்ல சேத்துக்கிடவா என்று. இசக்கியம்மாள் வாயப் பாரு இவளுக்கு என்று தொடையில் ஒன்று வைத்தாள், எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அன்று சாயந்திரம் குர்லாவில் வண்டி மாற இறங்கினவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சோட்டி மம்மி என்று உன்னைச் சொல்லாதவர்கள் யாருண்டு இந்தக் கட்டடத்தில். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் இடைவெளி, ரயிலில் நம்மை அக்கா தங்கச்சி என்பார்கள், அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. நான் மடியில் உன்னை வைத்துக்கொண்டு டிகிரி முடித்தேன், ராஜாவுக்காக அதற்குமேல் சிறப்புக் கல்வி படித்தேன், நான் வகுப்புக்குப் போனபோதெல்லாம் அவனோடு இருந்தவள் நீ. இப்போது மறுபடியும் நம் வீட்டுத் திட்டத்தில் எல்லா வரிக்கும் எதிரே உன் பெயரை எழுதிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். வண்டிகள் வந்து போய்க்கொண்டே இருந்தன, நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவர்களை மறுபடி கூப்பிட்டேன், இந்தத் தடவை தோல் பட்டறையில் வேலை பார்க்கும் பையனின் அப்பாவையும் வரச் சொன்னேன். புள்ளைக்குப் பல்லு தேக்கிறதெல்லாம் பொம்பளையாளு வேலைல்லா டீச்சர் என்றார். அவனுக்கும் பல் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்தே தேயுங்கள் என்றேன். ராத்திரி எழுப்புவது இசக்கியம்மாள் பொறுப்பு, மாவாட்ட எப்படியும் எழுந்திருக்கிறவள்தான். படம் காட்டிப் பேசுவதைப் பள்ளி ஆயா ஏற்றுக்கொண்டாள். கீதாவிடம் உனக்கு எது வேண்டும் என்று கேட்டேன், ஞாயித்துக்கிழம அவங்கூட பட்டம் விடுறத மட்டும் எம் பேர்ல எழுதுங்க என்றாள், எழுதினேன். ஆனால் பொத்தான் போடப் பழக்குவதற்கு ஆளே கிடைக்கவில்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். மேலதிகாரி ஏன் அடித்தீர்கள், அதான் அக்கா இருக்கிறாளே என்று கேட்டார்கள். அக்கா படிக்க வேண்டும் என்றேன். அதாவது இந்த வருஷம் செல்லப்பாண்டி தானாகச் சட்டைப் பொத்தான் போட மாட்டான், அதில் கையெழுத்துப் போட்டவள் நான். அவன் வகுப்பில் நெஞ்சு திறந்த சட்டையோடு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும். யாரும் எதையும் இழக்காமல் எல்லாம் நடக்கும் என்று நான் பெற்றோர்களுக்குச் சொல்வது கிடையாது, உனக்கு மட்டும் எப்படிச் சொல்வேன்.

நீ வந்துவிட்டால் ராஜா சாப்பிடுவான், கடிப்பது குறையும், எனக்குத் தெரியும். நீ வராவிட்டால் சில விஷயங்கள் அவனுக்கு இந்த வருஷம் கிடைக்காமலே போகும், அதுவும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன், படிப்பை விட்டுவிட்டு வராதே. கதவில் எட்டாத உயரத்தில் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. பட்டறை வேலையை விட்ட அப்துல் ஹாதி என்ற பையன் சாயந்திரம் அவனை நடக்கக் கூட்டிப் போகிறான், ராஜா அவனை இன்னும் கடிக்கவில்லை. அப்பா வாரத்தில் இரண்டு மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வரட்டும் என்று இன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன், நீ படிப்பை விட்டுவிட்டு வரப்போவதில்லை என்பதையும் சொன்னேன். அப்பா சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார்கள். பிறகு, அப்ப அய்யாத்துரைகிட்ட நான் என்னத்தச் சொல்ல என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்கள். உடனே தூங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர்கள் மேல் வருத்தப்படாதே. நீ படுக்கும் மேல் பலகையைத் துடைத்துப் புது விரிப்புப் போட்டு வைத்ததே அவர்கள்தான், அது அப்படியே இருக்கிறது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வா, வந்து பத்து நாள் இரு, உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்க வேண்டும் போல் எனக்கும் இருக்கிறது. ஆனால் திரும்பிப் போகிற டிக்கெட்டோடு வா. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வருகிற படத்தையும் போகிற படத்தையும் சேர்த்து ஒட்டுங்கள், இல்லாவிட்டால் போகிற அன்று பிள்ளை தாங்காது என்று எல்லா அம்மாக்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். உன் போட்டோவும் விமானப் படமும் இரண்டும் இப்போது என் பக்கத்தில்தான் இருக்கின்றன. போகும் நாள் தெரியாமல் வரும் நாளை ஒட்ட மாட்டேன், ராஜாவுக்காக மட்டுமில்லை, எனக்காகவும்தான்.

தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர்த் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்றாய். நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே. ஜெர்மன் பரீட்சைக்குப் படி. எங்கிருந்தாலும் என் மாரி நோய் நொடி இல்லாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும், அந்த அம்மன் உன் கூடவே இருக்கட்டும். நாளைக் காலையிலும் அவன் வெறும் கட்டத்தைப் பார்ப்பான். அதனால் இதற்கு நீளமாகப் பதில் வேண்டாம், வரும் தேதி ஒன்று, போகும் தேதி ஒன்று, இரண்டையும் சீக்கிரம் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
மகேஸ்வரி