பன்னிரண்டாவது பெயர்

பொழிச்சலூர்
12.9.2006

அன்புத் தம்பி அரிகிருஷ்ணனுக்கு,

அக்கா புஷ்பம் எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீ மஸ்கட்டிலிருந்து போன் போட்டு, அப்பாவிடம் கொடு என்று கேட்டாய். “உம்… சரிப்பா… உடம்பப் பாத்துக்கோ” என்று கரகரப்பாக ஒரு குரல் பேசியது. அது அப்பா இல்லை. நான்தான். முந்தானையை வாயில் பாதி வைத்துக்கொண்டு பேசினேன். நீயும் அப்பா குரல் நன்றாகத் தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டாய். என் குரல் அவ்வளவு அழகு என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஏன் செய்தேன் என்றால், ஆடியில் அந்த வாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சு இல்லை. வலது கையும் காலும் மட்டும்தான் என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன். பேச்சு சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொல்ல எனக்கே கூச்சம். பேமானி.

நம்மை ஒருநாளாவது “சீ” என்று சொன்னவரா அவர்? என்னையே “வாம்மா, போம்மா” என்பார். கண் விழித்ததும் பெரிய டாக்டர் குனிந்து, பெரியவரே எப்படி இருக்கிறீர்கள் என்றார். அப்பா பேமானி என்றார். ஊசி போட வந்த நர்ஸுக்கும் அதேதான். விபூதி கொண்டுவந்த நம் தாயாரம்மாள் அத்தைக்கும் அதேதான். அத்தை அன்றோடு வருவதை நிறுத்திவிட்டாள். அந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

நாற்பது வருஷம் ஜி.எஸ்.டி. ரோட்டில் தார் போடும் கேங்குக்கு மேஸ்திரியாக இருந்தவர். வேலையில் வைத்திருந்த வார்த்தையை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்திருக்கிறார் போல. நமக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் அவருக்கு அது தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் அதுதான் வருகிறது என்று புரிந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டார். இருபது நாள் ஒரு சத்தம் இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஃபஹீமா என்ற பெண் தினமும் வந்து கெஞ்சுவாள். “தாத்தா, அந்த வார்த்தையாவது சொல்லுங்க, எனக்குக் கோவமே வராது” என்பாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், முதல் சில மாதம்தான் முக்கியம், இப்போது விட்டால் பிறகு ரொம்பக் கஷ்டம் என்றாள். இதை அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீ வேலையை விட்டு ஓடி வந்துவிடுவாய் என்று பயந்தேன்.

இங்கே என் பாடு இருக்கிறதே. காலையில் மாவு அரைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போவேன். கழுவி, துடைத்து, கஞ்சி கொடுத்து, பிசியோ அறைக்கு நாற்காலியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கம்பியைப் பிடித்து அவர் நாலு அடி வைப்பதற்குள் எனக்கு நாற்பது அடி நடந்த மாதிரி இருக்கும். உன் மாமா தினகரன் மறைமலை நகர் ஷிப்ட் முடித்து வந்தால்தான் நான் வீட்டுக்குப் போக முடியும். நேற்று பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி, பல்லாவரத்தில் இறங்க வேண்டியவள் மீனம்பாக்கத்தில் இறங்கினேன். பிளேன் ஏறலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

குளிப்பாட்டும்போது அப்பா கண்ணை மூடிக்கொள்வார். மகள் அல்லவா. நான் ஏதாவது கேலி பேசிக்கொண்டே செய்வேன். பேசாமல் செய்ய என்னால் முடியவில்லை.

போன திங்கட்கிழமை அந்தோணிசாமி மாமா பார்க்க வந்தார். அப்பாவின் கேங்கில் இருந்தவர், உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு கண் தார் தெறித்துப் போனவர். கட்டில் கால்மாட்டில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, “வந்துக்கினேன் மேஸ்திரி” என்றார். அவருக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை, பாவம். அப்பா அவரையே பார்த்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “முனிரத்தினம்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. காலை ஏழரை மணிக்கு ரோட்டோரம் நிற்கவைத்து, பெயர் கூப்பிட்டு ஆள் எடுப்பார்களே, அந்த வரிசை. அந்தோணிசாமிக்கு அடுத்தது முனிரத்தினம். அவர் செத்து ஆறு வருஷம் ஆகிறது. மாமா கொஞ்சம் தயங்கி, “வந்துக்கினான் மேஸ்திரி” என்றார். அப்பா அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பதினோரு பேரையும் கூப்பிட்டார், ஒரு குளறல் இல்லை. இருக்கிறவர், செத்தவர் எல்லோருக்கும் மாமாவே பதில் சொன்னார். சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனப்பாடமான வரிசையும் வசவும் மூளையில் வேறு பக்கத்திலிருந்து வருமாம். இதுதான் வழி, விடாதீர்கள் என்று ஃபஹீமா குதித்தாள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். பதினோரு பேர் முடிந்ததும் அப்பா நிறுத்தவில்லை. பன்னிரண்டாவதாக “அரிகிருஷ்ணன்” என்றார். மாமா என்னைப் பார்த்தார். எங்கள் கேங்கில் அப்படி யாரும் இல்லையேம்மா என்றார். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு “ஆப்சென்ட்” என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஆள் எடுக்கிறார். பதினோரு பேருக்கு நான் பதில் சொல்கிறேன். பன்னிரண்டாவது பெயருக்கு மட்டும் எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் அப்பாவாகப் பேசியது போதும், அப்பாவிடம் நீயாகவும் பேச வேண்டுமா? எட்டு நாள் உனக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கிறது.

சொல்லாமல் கொள்ளாமல் மூன்று நாள் ஒருத்தன் வராவிட்டால், மேஸ்திரியே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விடுவாராம். அந்தோணிசாமி மாமா சொன்னார். உன் அப்பாவால் இப்போது சைக்கிள் மிதிக்க முடியாது.

இருபத்தைந்தாம் தேதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வாசலில் மூன்று படி. உன் மாமா ஷிப்டுக்குப் போய்விட்டால் தூக்க நான் ஒருத்தி. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. பத்து நாள் லீவு கேள். கொடுக்காவிட்டால் எட்டு நாள் கேள். வந்தால் முதலில் உன்னைத் திட்டுவார், அந்த ஒரு வார்த்தையில். அதற்காக முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. வேறு வார்த்தை அவரிடம் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் வெறும் தலையோடு நிற்காதே. உன் கை கால் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பொய்க்கார அக்கா,
புஷ்பம்

பின்குறிப்பு, 14.9.2006: தபாலில் போட நேரமில்லாமல் இது இரண்டு நாளாகப் பையிலேயே இருந்துவிட்டது. இன்று காலை அப்பா உன் பெயரைக் கூப்பிட்டு வாசலைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் கரீம் பாய் இதைப் பத்து நாளாகக் கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல், “வந்துட்டேம்பா, இன்னா இப்போ” என்றார். அப்பா திரும்பி அவரை நன்றாகப் பார்த்தார். பேமானி என்றார். அப்புறம் நான் கொண்டுவந்த கேசரிக் கிண்ணத்தை இடது கையால் அவர் பக்கம் தள்ளினார். பல நாள் வராதவன் வந்தால் மேஸ்திரி முதலில் திட்டுவார், பிறகு தின்ன ஏதாவது வாங்கிக் கொடுப்பார், அதுதான் கேங்கில் வழக்கமாம். அப்பா மனம் நோகக் கூடாது என்று கரீம் பாய் கிண்ணத்தைக் காலி செய்தார். மத்தியானம் பார்த்ததில் பாய்க்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து. டாக்டர் என்னைத்தான் திட்டினார்.