நாக்பூருக்கு ஒரு பதினான்கு அடி வண்டி

கூடத்தில் அட்டைப்பெட்டிகள் மடித்தபடி சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. நேற்று மத்தியானம் நாற்பது பெட்டி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். அப்போதிலிருந்து வீடு முழுக்க அந்த வாசனை. புது அட்டையும் ஒட்டும் டேப்பும் கலந்த, கொஞ்சம் புளித்த மாதிரியான வாசனை. சாயங்காலம் ஷிப்டு முடிந்து என் வீட்டு மாடிப்படி ஏறி வருவாயே, அப்போது உன் புடவையில் இதுதான் அடிக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பதினெட்டு வருஷம் நின்றவள் நீ. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்று அலுத்துக்கொள்வாய். நேற்று ஒரு பெட்டியை விரித்து மூக்கருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான், யாரும் பார்க்கவில்லை.

உனக்குச் சொல்லவேண்டிய சேதி இதுதான்: வீட்டைக் காலி செய்துகொண்டு நாக்பூருக்குப் போகிறேன். நம்ப மாட்டாய். நானே இன்னும் முழுசாக நம்பவில்லை. இவருக்கு அங்கே மாற்றலாகி மூன்று வருஷம் முடிந்துவிட்டது. மகள் படிப்பு என்று இரண்டு வருஷத்தை ஓட்டினேன். அவளைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்த்த பிறகு ஆடி மாதம் என்று ஒருமுறை தள்ளிப்போட்டேன், மார்கழி என்று இன்னொருமுறை. போன மாதம் இவர் போனில் சொன்னார்: "இந்தத் தடவையும் முடியலன்னா சொல்லிடு. வேலைய விட்டுட்டு நான் அங்க வந்துடறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். இருபத்தைந்து வருஷ வேலையை ஒரு மனுஷன் அவ்வளவு சாதாரணமாக விடுகிறேன் என்றால், ஒற்றை ஆளாக ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டு எவ்வளவு களைத்திருப்பார்!

சாமான் ஏற்றும் கம்பெனிகள் நாலைந்துக்குப் போன் போட்டேன். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, தனி வண்டியா, பங்கு வண்டியா என்பதுதான். பங்கு வண்டி என்றால் வேறு இரண்டு மூன்று குடும்பத்துச் சாமானோடு நம்முடையதும் போகும். எப்போது போய்ச்சேரும் என்று அவர்களுக்கே தெரியாது. பதினான்கு அடி மூடுவண்டி, தனியாக, மூன்று நாளில் சேரும் என்றார் ஒருவர். அதைச் சொல்லிவிட்டேன். ஏற்றும் வரிசையை நானே ஒரு தாளில் எழுதினேன். கட்டில், பீரோ, வாஷிங் மிஷின் முதலில். அடுப்பும் சமையல் சாமானும் கடைசியில். இதில் மட்டும் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

ஏன் என்று உனக்குத் தெரியும். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் திருவாரூரிலிருந்து லாரி வந்து கரையான்சாவடியில் இந்த வீட்டு வாசலில் நின்றதே, அந்தக் காலை! அடுப்பும் சிலிண்டரும்தான் வீட்டுக்கு முக்கியம் என்று நானும் இவரும் அவற்றை முதலில் ஏற்றியிருந்தோம். முதலில் ஏற்றியது லாரியின் அடி ஆழத்துக்குப் போய்விடும் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. ஒன்பது மணிக்குள் பால் காய்ச்ச வேண்டும். மணி எட்டரை. அடுப்புக்கும் எனக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் மொத்தச் சாமானும் அடுக்கியிருந்தது. தெருவில் பால் பாக்கெட்டோடு நின்று அழ ஆரம்பித்தேன். எதிர்வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நீ, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாய்.

"இன்னாம்மே, பால் பாக்கெட்ட கையில வெச்சிகினு அழுதுகினு நிக்கிறே?"

சொன்னேன்.

"அவ்ளோதானா? என் அடுப்பு சும்மாதான் கீது."

சும்மா இருக்கவில்லை. பாதி வெந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைத் தூக்கி வந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. பின்னாலேயே உன் வீட்டுக்காரர் சிலிண்டரோடு மாடிப்படி ஏறினார். அடுத்தவர் அடுப்பில் காய்ச்சலாமா என்று நான் இழுத்தேன். "யார் அடுப்புன்னு பாலுக்குத் தெரியுமா இன்னா? பத்த வைம்மே, எனுக்கு ஷிப்டு கீது" என்று அதட்டினாய். பால் பொங்கிய பிறகுதான் உன் பெயரையே கேட்டேன். அன்று உனக்கு பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு எனக்கு இந்த ஊரில் பயம் என்று ஒன்று இல்லை. திருவேற்காடு போக ஷேர் வேனில் எங்கே ஏறுவது, எந்த டாக்டர் வீணாக ஊசி போடமாட்டார், வீட்டுக்காரம்மாவிடம் எந்த நேரத்தில் தண்ணீர்ப் பிரச்சினையைப் பேசலாம், எல்லாவற்றுக்கும் நீ இருந்தாய். நான் எதற்காவது தயங்கினால், "மிஞ்சிப்போனா இன்னா ஆய்டும், சொல்லு" என்பாய். யோசித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நீயே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாய்.

இவருக்கு மாற்றல் வந்தபோதும் அதையேதான் சொன்னாய். மகளின் படிப்பைச் சொன்னேன்.

"பட்ச்சா எந்த ஊர்லயும் பட்ச்சிப்பா. அது சாக்கு. உனுக்குப் பயம்மே, அதான் விஷயம்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. "நான் போய்ட்டா உனக்கு நிம்மதியா இருக்கும்ல?" என்று கேட்டுவிட்டேன். உன் முகம் சின்னதாகிவிட்டது. ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் நீதான் மீன் குழம்போடு வந்தாய். "போ சொன்னா, நீ போவணும்னு எனுக்கு ஆசைன்னு அர்த்தமா? லூசு" என்றாய். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். குழம்பில் உப்பு அதிகம் என்று வேறு சொன்னேன்.

போன வருஷம் புரட்டாசியில் ஷிப்டு முடிந்து பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. மீன் குழம்போடு நீ வந்த அன்று பேசவேண்டியதை இப்போது பேசுகிறேன். நீ சொன்னதுபோலப் பயம் உண்டு. ஆனால் நான் போகாததற்குப் பெரிய காரணம் நீதான். மகளின் படிப்பைச் சாக்காக வைத்து உன் எதிர்வீட்டில் இரண்டு வருஷம் கூடுதலாக இருந்தேன். அதற்காக எனக்கு வருத்தமே இல்லை. அதை உன்னிடம் சொல்லாமல் விட்டதுதான் வருத்தம். நீ போன பிறகு இங்கே இருக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை, பயம் மட்டும்தான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

இன்று காலை பத்து மணிக்குச் சாமான்களைப் பார்வையிட மேற்பார்வையாளர் வந்தார். பூந்தமல்லிக்காரர், நாற்பது வயதிருக்கும். நேற்று சாயங்காலம் நான் கட்டிவைத்த பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார். "அக்கா, யாரு சொல்லிக் குட்தாங்க? பொஸ்தகம் சின்ன பெட்டியில கீது, மூலையெல்லாம் பழைய துணி வெச்சி ரொப்பிகீறீங்க" என்றார். ஒரு ஃப்ரெண்டு என்றேன். பெருமையாக இருந்தது எனக்கு.

பிறகு படிவத்தை நீட்டினார். வியாழக்கிழமை இங்கே ஏற்றினால் ஞாயிற்றுக்கிழமை அங்கே இறங்கும். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயர் முன்பே எழுதியிருந்தது. பெறுநர் இடத்தில் இவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் நினைவு வந்தது: புதன்கிழமையிலிருந்து ஒரு வாரம் இவர் ராய்ப்பூரில், மிஷின் பொருத்தும் வேலையில்.

"அப்போ ஒரு வாரம் தள்ளி ஏத்திக்கலாங்க்கா. சார் வந்த பொறவு அனுப்பலாம். ஒண்ணும் பிரச்சன இல்ல."

எனக்குள் எவ்வளவு நிம்மதி பரவியது தெரியுமா? சரி என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு வாரம் என்பது எப்படி ஒரு மாதமாகும், அதற்குள் என்னென்ன காரணம் முளைக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் நீ. அவர் பேனாவோடு காத்திருந்தார். எதிர்வீட்டு வாசலைப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. கையைப் பிடித்து இழுக்க இப்போது யாரும் வரப்போவதில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. பேனாவை வாங்கி, பெறுநர் இடத்திலும் என் பெயரையே எழுதினேன்.

"ரெண்டுமே நீங்கன்னா எப்பிடிக்கா?"

"வண்டிய அனுப்பிட்டு அன்னிக்கே ரயில் ஏறிடுவேன். வெள்ளிக்கிழமை அங்க இருப்பேன்."

"அங்க எறக்குறவங்கல்லாம் இந்திக்காரனுங்க. ஆம்பளைங்க யாரும் இருக்க மாட்டாங்களா?"

"நான் இருப்பேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு கையெழுத்து வாங்கினார். கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. ஆனாலும் போட்டுவிட்டேன். அவர் போனதும் மகளைக் கூப்பிட்டு, மெதுவாக, இங்கே வை, இது உடையும் என்ற மூன்றுக்கும் இந்தி கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டேன். உன்னிடமிருந்து நான் எடுத்துப் போகும் பொருள் என்று எதுவும் இல்லை. ஒரு புடவைகூடக் கேட்டு வாங்கவில்லை. பன்னிரண்டு வருஷம் உன் பக்கத்தில் இருந்ததில் கொஞ்சம் துணிச்சல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது போதும்.

பிறகு இவருக்குப் போன் செய்தேன். வண்டி வியாழக்கிழமை கிளம்புகிறது, நானும் கிளம்புகிறேன் என்றேன்.

"நான் ஊர்ல இருக்க மாட்டேனே. நீ தனியாவா?"

"ஆமா. அந்த வீட்டுச் சாவிய அங்க கீழ்வீட்டுல குடுத்துட்டுப் போங்க. நீங்க திரும்பி வரும்போது உங்களுக்குச் சாவி வேண்டியிருக்காது."