பேராசிரியர்கள் படத்தில் நீங்கள்

கோல் மார்க்கெட், தில்லி

அன்புள்ள அப்பாவுக்கு,

கௌதமன் வணக்கம். முட்டிவலி குறைந்ததா? எனக்கு இருமல் மட்டும்தான், பயப்பட வேண்டாம்.

ஊழியர் பிள்ளைச் சலுகையில் தங்கை அபிராமியை உங்கள் பல்கலைக்கழகத்திலேயே வேதியியலில் சேர்க்கப்போவதாகச் சொன்னீர்கள். போனில் பேசினால் அவளுக்கும் கேட்கும் என்று எழுதுகிறேன்.

ஒரு வேடிக்கை. அங்கே நடந்த தர ஆய்வின் கோப்பு, சரிபார்க்க எங்கள் தர மதிப்பீட்டு அலுவலகத்தில் என் மேசைக்கே வந்தது. வேதியியல் பேராசிரியர்கள் படத்தில், கோட்டும் டையுமாக மூன்றாவதாக நீங்கள் நிற்கிறீர்கள். பஸ் ஓட்டும் உங்களுக்கு முனைவர் பட்டமும் போட்டிருக்கிறார்கள்.

"மேடம், இவரு எங்கப்பா. அங்க பஸ் டிரைவர்" என்றேன் அதிகாரி உஷாராணியிடம்.

"அச்சா! அப்பாவுக்கு கோட்டு நல்லாத்தான் இருக்கு. ஜல்தி முடிப்பா, சாயங்காலம் ஃபைல் போகணும்" என்று சிரித்தார்.

ஒப்பந்த வேலைக்காரன் நான். 'சரி' என்று குறித்து அனுப்பிவிட்டேன். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் கிடைத்துவிடும்.

உங்கள்மேல் கோபமில்லை. மறுத்திருந்தால் வேலை போயிருக்கும். அந்தக் கோட்டை அவர்கள் திருப்பிக் கேட்காவிட்டால் இங்கே அனுப்புங்கள். குளிர் தாங்கவில்லை, பேச்சுத் துணையும் இல்லை.

அபிராமியை மட்டும் அங்கே சேர்க்காதீர்கள். அவளுக்கு வேதியியல் நடத்த உங்களைத் தவிர அங்கே ஆளில்லை, அப்பா.

அவசரத்தில்,
கௌதமன்