கீழ் ஓரத்தில் உன் பெயர்

உன் படங்களில் நான் கள்ளக் கையெழுத்துப் போட்டேன் என்று ராயபுரத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதில் பாதிதான் சரி. கையெழுத்து என்னுடையது. கள்ளம் இல்லை.

நீ உயிரோடு இருந்தால் இதற்கு வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சுக்குப் போகவேண்டிய தாள்கள் சாப்பாட்டு மேசையில் கிடக்கின்றன. காலையிலிருந்து அந்த மை வாடை மூக்கைவிட்டுப் போகவில்லை. சென்னை ஓவியர்களைப் பற்றிய வரலாற்று நூல் அது. எழுதுபவர் ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்தும் பெண். உனக்கென்று ஆறு பக்கம் எழுதியிருந்தார். இப்போது ஆறிலும் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு.

உன் கையெழுத்து மாதிரிக்காக அவர் நாம் இருவரும் பாடம் நடத்திய பள்ளியின் பழைய ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார். அதில் நண்டு நடந்தது போல உன் எழுத்து. என்னிடம் இருக்கும் உன் பதினொரு படங்களிலோ அச்சடித்தது போன்ற சாய்வெழுத்து. "மேடம், நான் உங்களை நம்புறேன். ஆனா நம்பிக்கையப் புத்தகத்துல ஆதாரமாப் போட முடியாதே. இதெல்லாம் என் படம்னு அவங்க கையால எழுதின ஒரு வரி இருந்தாக் குடுங்க, போதும்" என்றார். மரியாதையான பெண். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை. படங்களை வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஓவியக்கூடத்துக்காரர் இப்போது நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

காத்திவாக்கத்திலிருந்து உன் தம்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னா டீச்சர் இது, பேஜாராக் கீது? வரைஞ்சது எங்கக்கா, பேரு போட்டது நீயா? வுட்டா படத்தையே நான்தான் வரைஞ்சேன்னு சொல்லுவ போலக் கீதே!" அறுபது வயது ஆள், வாசலில் நின்று அழுதான்.

சனிக்கிழமை மதியங்கள் உனக்கு நினைவிருக்குமா? நடைபாதைக் கடையில் பொறுக்கிய கலை வரலாற்றுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாய். நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வேன். நீ படங்களை மட்டும் புரட்டுவாய். "இன்னா மிஸ்ஸு, எல்லாம் ராஜா, சாமி, தொரசானி. மீன் கூடை தூக்குற ஒருத்தி கூடவா இல்ல?" என்று ஒருநாள் கேட்டாய். வருவாள் என்று சொன்னேன். "எப்போ, நான் பூட்ட பின்னாடியா?" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த முறுக்கை எடுத்துக்கொண்டாய்.

நீ போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவள் இப்போது புத்தகத்துக்குள் வந்துவிட்டாள். என் கையெழுத்தால் திரும்பிப் போகப்போகிறாள்.

முதல் படம் எது என்று உனக்கே தெரியும். எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு நீர். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் உன் அம்மா. பின்னால் புகைபோக்கிகள். மாதா கோயில் மண்டபத்தில் நடந்த கண்காட்சிக்கு அதைக் கொண்டுவந்தாய். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். பிறகு என் கண் கீழ் ஓரத்துக்குப் போனது, வாய் சும்மா இருக்கவில்லை. "இவ்வளவு நல்ல படத்துக்குக் கீழே இப்படி ஒரு கிறுக்கலா?"

"பிரஷ்ஷு சொன்ன பேச்சு கேக்குது மிஸ்ஸு, பேனா கேக்க மாட்டேங்குது."

நான் பிளேடை எடுத்து உன் பெயரைச் சுரண்டினேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் விரல் முட்டியில் அடி வாங்கிக் கற்ற என் எழுத்தில் அதையே மீண்டும் எழுதினேன். நீ குனிந்து பார்த்துச் சிரித்தாய். "அடேங்கப்பா! யாரு வூட்டுச் சீமாட்டி இவ?"

அதன் பிறகு நீ கீழ் ஓரத்தை வெறுமையாக விட்டே படங்களைக் கொண்டுவந்தாய். நான் பேனாவைத் திறந்தேன். நீ போடச் சொன்னதில்லை. நானும் போடட்டுமா என்று கேட்டதில்லை.

சுரண்டிய இடத்தை அந்தப் பெண் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். வேறு யாருடைய பெயரையோ அழித்துவிட்டு உன் பெயரை எழுதியிருக்கிறது என்று நினைத்தார். அழிந்தது உன் பெயர்தான், அழித்தது நான்தான் என்று சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நீங்க போடுங்கன்னு அவங்க சொன்னாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எண்பது வயதில், சிலுவை மாட்டிய சுவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு பொய் சொன்னேன்.

மூன்று நாட்களாக டிரங்குப் பெட்டி, அலமாரி, ஜெபப் புத்தகத்தின் உள்பக்கம் என்று எல்லாவற்றையும் தேடிவிட்டேன். நீ எழுதிய ஒரு சீட்டும் இல்லை. பாடக்குறிப்பைக்கூட என்னை எழுத வைத்தவள் நீ. என் கணவர் இறந்தபோது ஊரெல்லாம் இரங்கல் கடிதம் போட்டது. நீ மட்டும் வந்து பாத்திரம் துலக்கிவிட்டுப் போனாய். அன்று அது போதுமாக இருந்தது. இன்று அதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவேன்?

வெள்ளிக்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் உன் ஒரு வரி கிடைக்காவிட்டால் அந்த ஆறு பக்கம் இல்லாமலே நூல் அச்சுக்குப் போகும். நீ இருக்கும் இடத்துக்கு இந்தக் கடிதம் வந்து சேராது என்று தெரியாத அளவுக்கு எனக்குப் புத்தி மழுங்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். வேறு யாரைக் கேட்பது?

அன்று நீ சிரித்தாயே, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டது சரிதானா? இல்லை என்றாலும் பரவாயில்லை. உன் கையாலேயே எழுதிப் பதில் போடு.